சங்கு குளிப்பவர் காதுக்கு மானியம் கேட்டோம்

ஆராய்ச்சி உதவியாளன் என்பவன் மார்ச் கடைசியில் வேலை போய், ஏப்ரலில் திரும்பக் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கும் பிராணி.

மானியம் வந்துவிட்டதா என்று தபால்காரரின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே நாளைக் கழித்தவர்கள் இதைப் படிப்பவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வருகிறது.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது தூத்துக்குடியில் டாக்டர் கமலத்திடம் உதவியாளனாக இருந்தேன். அவர் நாகர்கோவில்காரர். காலையில் ஆஸ்பத்திரி, மீதி நேரம் கடற்கரைச் சாலையில் வாடகைக்குப் பிடித்த ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியில் ஆராய்ச்சி. சங்கு குளிக்கிறவர்கள் காதில் ரத்தம் வடிய மேலே வருவதும், நடுவயதுக்குள் செவிடாவதும் அந்தக் கரையில் எல்லாரும் பார்த்துப் பழகிய விஷயம். டாக்டர் மட்டும் பழகிக்கொள்ளவில்லை. அது ஏன் சிலருக்கு வருகிறது, சிலருக்கு வருவதில்லை, தடுக்க வழி உண்டா என்று கேட்டார். கேள்விக்கு அவசரமும் இருந்தது. சவரிமுத்து என்ற குளியாளுக்கு இடது காது போய்விட்டது. வலது காதிலும் ரத்தம் தட்டுப்பட ஆரம்பித்திருந்தது.

பெண் பார்க்கப் போன இடம்

மாப்பிள்ளையூரணியில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா கருப்பட்டி வியாபாரி. மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார். “ஆராய்ச்சி” என்றார் என் பெரியப்பா, கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி. “எதை ஆராயுதாரு?” “சங்கு குளிக்கவங்க காதை.” வியாபாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். பி.எஸ்ஸி. படித்தவன் பார்க்கிற வேலையா இது என்று அந்தப் பார்வை கேட்டது.

“சரி, நிரந்தரமா?” என்றார். பெரியப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. மார்ச் வரைக்கும் மானியம் இருக்கிறது, பிறகு எழுதிக் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டார். உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. வியாபாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: “அண்ணாச்சி, உப்பளத்துல கணக்கப்பிள்ளைன்னாக்கூட சரிம்பேன். மார்ச்சு வரைக்கும் மாப்பிள்ளைன்னா, ஏப்ரல்ல என் மவளைத் திருப்பி அனுப்புவியளோ?”

யுத்தத்துக்கு உதவுமா?

சீமையிலிருந்து மீன் எண்ணெய் வருவது நின்றுபோன காலம். அதற்குப் பதிலாகச் சுறா ஈரல் எண்ணெய்க்குத் திடீரென்று மவுசு வந்தது. எங்கள் கிட்டங்கிக்குப் பக்கத்துக் கொட்டகையில் எண்ணெயைச் சோதிக்கப் புது மைக்ராஸ்கோப், மின்விசிறி, ஐஸ் பெட்டி எல்லாம் வந்து இறங்கின. அந்த எண்ணெய் பிள்ளைகளின் கண்ணுக்கு நல்லது. அதில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் எங்களிடம் இருந்த மைக்ராஸ்கோப்பின் ஒரு லென்ஸில் கீறல் விழுந்திருந்தது.

மானியம் வழங்கும் கமிட்டியைப் பார்க்க டாக்டரும் நானும் சென்னைக்கு ரயிலேறினோம். அங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிற மெம்பர் ஒருவர் இருந்தார். சீமைப் படிப்பு, சீமை உடுப்பு. “இது யுத்தத்துக்கு உதவுமா?” என்றார். கடற்படையிலும் ஆட்கள் மூழ்குகிறார்களே என்றார் டாக்டர். “அவர்கள் கவசம் போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். உங்கள் ஆட்கள் கோவணத்தோடு குதிக்கிறார்கள்” என்று மெம்பர் காகிதத்தை மூடிவிட்டார்.

யுத்தம் முடிந்தது. மறுபடி மனு, மறுபடி ரயில். அதே அறை, அதே மெம்பர். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: “அம்மா, யுத்தம்தான் முடிந்துவிட்டதே. இனி என்ன அவசரம்?”

கடலுக்குப் போகிற உத்தியோகம்

இடையில் ஒரு நல்ல செய்தி வந்தது. கடல் தொழிலாளர்களின் நோய்களை ஆராய ஒரு நிரந்தர அதிகாரி தேவை என்று விளம்பரம். டாக்டர் மனுப் போட்டார். அவரை விட்டால் வேறு யார் என்று நாங்கள் இருந்தோம். வேலை மெம்பரின் மருமகனுக்குப் போயிற்று. அவர் முதல் நாள் வள்ளத்தில் ஏறி, துறைமுகச் சுவரைத் தாண்டுவதற்குள் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்து, கரைக்குத் திரும்பினார். பிறகு கரையிலிருந்தே ஆராய்ந்தார்.

சங்குப் பருவம் தொடங்கினால் விடிந்ததும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளியாட்களோடு வள்ளம் ஏறுகிறவர் கமலம். ஏன் தன்னை எடுக்கவில்லை என்று நேரில் போய்க் கேட்டார். மெம்பர் மிகுந்த அக்கறையோடு பதில் சொன்னார்: “கடலுக்குப் போக வேண்டிய உத்தியோகம் ஆயிற்றே. பெண்களுக்குத் தாங்காது.”

கயிறு யார் கையில்?

பிறகு ஒருமுறை மெம்பரே நேரில் வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது. பார்த்துத் திருப்தியானால் மானியம். எங்கள் முறை எளிது. குளியாள் இடுப்பில் கயிறு கட்டியிருக்கும். கயிற்றில் ஆழத்தைக் காட்ட முடிச்சுகள். மேலே கயிறு பிடிக்கிறவன் எத்தனை முடிச்சு இறங்கியது என்று சொல்வான். நான் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொள்வேன். ஆள் மேலே வந்ததும் டாக்டர் காதைப் பார்ப்பார். சவரிமுத்துவின் கயிற்றைப் பிடிப்பவன் மிக்கேல், அவர் மனைவியின் தம்பி. அந்தக் கரையில் மனைவியின் கூடப்பிறந்தவன் கையில்தான் குளியாள் கயிற்றைக் கொடுப்பான். சொந்த அண்ணன் தம்பியிடம்கூடக் கொடுக்கமாட்டான்.

மெம்பர் வள்ளத்தில் வந்து உட்கார்ந்தார். மிக்கேலைக் காட்டி யாரென்று கேட்டார். சொன்னேன். “சொந்தக்காரன் சொல்கிற அளவை நாங்கள் எப்படி நம்புவது? சம்பந்தம் இல்லாத ஆள் பிடிக்கட்டும்” என்று என்னைக் கை காட்டினார். டாக்டர் இங்கிலீஷில் மன்றாடிப் பார்த்தார். நடக்கவில்லை. மிக்கேல் கயிற்றை என்னிடம் நீட்டினான்.

சவரிமுத்து என் கையைப் பார்த்தார். பிறகு விளிம்பில் சாவதானமாக உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்தார். பக்கத்து வள்ளத்திலிருந்து எவனோ, “ஏலே மிக்கேலு, ஒன் அக்கா புருசன் ஒன்னத் தள்ளி வச்சிட்டாரா?” என்று கத்த, சுற்றிலும் ஒரே சிரிப்பு. மெம்பருக்கு முகம் சிவந்தது. “குதிக்கச் சொல்!” என்றார். டாக்டர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கயிறு என் கையில் இருந்தவரை சவரிமுத்து அசையவே இல்லை. மிக்கேல்தான் மெம்பருக்குப் பதில் சொன்னான்: “ஐயா, நான் கயித்த விட்டா எங்க அக்கா தாலி அறுப்பா, அதனால விடமாட்டேன். சம்பந்தம் இல்லாதவரு விட்டா அவருக்கு என்ன போவும், சொல்லும்?”

கிட்டங்கி காலி

அளவு சொல்பவர் குளிப்பவரின் உறவினர், ஆகவே முடிவுகள் நம்பத்தக்கவை அல்ல என்று கமிட்டி தீர்ப்பு அனுப்பியது. மருமகனுக்கு வேலை கொடுத்தவர் மைத்துனனை நம்பவில்லை. கிட்டங்கிக்காரர் உப்பு மூட்டை அடுக்க இடம் கேட்டார். டாக்டருக்கு பம்பாய் மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. ஊர் ஊராகப் போய், மற்ற டாக்டர்களிடம் இருமல் மருந்தின் பெருமையைச் சொல்கிற வேலை. அது நிரந்தரம்.

புறப்படும் முன் சவரிமுத்துவைக் கூப்பிட்டனுப்பினார். தடுக்கிற வழி தனக்குத் தெரியாமலே போய்விட்டது, இந்தப் பருவம் குளித்தால் வலது காதும் போய்விடும், இறங்காதே என்று வலது பக்கமாக நின்று உரக்கச் சொன்னார். சவரிமுத்து கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. “குளிக்கலைன்னா காது இருக்கும் டாக்டரம்மா. அதை வச்சிக்கிட்டு, பிள்ளைக பசின்னு அழுவுததையா கேக்கச் சொல்லுதிய?” என்றார்.

இளைஞர்களே, வாருங்கள்!

நான் பிழைப்புக்குப் பத்திரிகையில் சேர்ந்தேன். சுதந்திரம் வந்த மறு வருஷம், ‘மருத்துவ ஆராய்ச்சியில் இளைஞர்களுக்குள்ள வாய்ப்புகள்’ என்று தூத்துக்குடியில் ஒரு சொற்பொழிவு. செய்தி எடுக்கப் போனேன். மேடையில் மெம்பர், இப்போது கதர் ஜிப்பாவில். கமிட்டியின் தலைவராகியிருந்தார். முன் வரிசையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சவரிமுத்து, பக்கத்தில் மிக்கேல். குளியாட்களைப் பற்றியும் பேசப்போகிறார்கள் என்று யாரோ சொல்லி வந்திருந்தார்கள். சவரிமுத்துவுக்கு இப்போது இரண்டு காதும் கேட்காது. மேடையில் அசைகிற வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெம்பர் குரல் தழுதழுக்கப் பேசினார். “இந்தக் கரையில் எத்தனையோ குளியாட்கள் செவிடாகிறார்கள். இதை ஆராய ஒருவர்கூட முன்வரவில்லையே என்பதுதான் என் வேதனை!” என்றார். மண்டபம் கைதட்டியது. சவரிமுத்து திரும்பிப் பார்த்தார். எல்லாரும் தட்டுவதைப் பார்த்து அவரும் தட்டினார்.

வெளியே வந்ததும் மிக்கேலைப் பிடித்து, சவரிமுத்துவிடம் என்னவென்று சொன்னாய் என்று கேட்டேன். “நல்லதாத்தான் பேசுதாருன்னு சைகை காட்டிட்டேன் தம்பி” என்றான். “காது போனதுல அத்தானுக்கு லாபம்னா, இன்னைக்கு ஒரு நாளுதான்.”

மருத்துவ ஆராய்ச்சியில் வாய்ப்புகளுக்குக் குறைவில்லை என்று தலைப்புப் போட்டு அந்தச் செய்தியை எழுதிக் கொடுத்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை, வாய்ப்பு யாருக்கு என்பதை மட்டும் எழுதவில்லை.