பாத்து எழுதுங்க

கொரோனா ஊரடங்கில் கல்லூரிகள் மூடிக் கிடந்த சமயம். திருப்பதியில் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் விரிவுரையாளராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. திருச்சானூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடியறைதான் வகுப்பறை.

பிறர் எழுத்தைத் திருடாமல் சொந்தமாக எழுதுவது எப்படி என்று கடைசி வருட மாணவர்களுக்கு ஆன்லைனில் பாடம் நடத்தச் சொன்னார்கள். எதையும் வரிசை போட்டுச் செய்கிறவள் நான். பத்து விதிகளாகப் பாடம் தயாரித்து அனுப்பினேன். பாடம் ஆங்கிலத்தில், விளக்கம் தெலுங்கில். வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளும் நாலைந்து பேர் இருந்ததால், அவர்களுக்காக வாட்ஸ்அப்பில் தமிழிலும் ஒரு குரல் பதிவு போட்டேன். காப்பி அடிப்பது என்றால் என்ன என்று ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டு, "மார்க் இருக்கு, பாத்து எழுதுங்க" என்று முடித்தேன்.

காப்பி அடித்த வரிகளைச் சிவப்பாகக் காட்டும் மென்பொருளில், அந்தத் தமிழ்ப் பிள்ளைகளில் ஒருத்தியின் பக்கம் முழுவதும் சிவப்பாக வந்தது. என் பாடத்தையே வரிக்கு வரி எழுதியிருந்தாள், நான் விட்டிருந்த எழுத்துப்பிழை உட்பட. எனக்குச் சுருக்கென்றது. புகார் போனால் அந்தத் தாள் ரத்தாகும். அவளுக்குச் சென்னையில் வேலை முடிவாகியிருந்தது. ஒரு அரியர் இருந்தாலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

புகாருக்கு முன் செய்ய வேண்டியவை என்று நான் எழுதி வைத்திருந்ததில் மூன்றாவது வரி, மாணவரிடம் விளக்கம் கேட்பது. வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டே போன் செய்தேன்.

அவள் ஊர், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய குடிபாலாவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா எடுத்தார். "பாப்பா மாட்டாண்ட கீது, இருங்க மேடம்" என்றவர், "காலேஜ் மேடம் பேசறாங்கோ. இன்னாடி பண்ணி வெச்ச?" என்று குரல் கொடுத்தார்.

அவள் மூச்சிரைக்க வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்கதான மேடம் பாத்து எழுதச் சொன்னீங்கோ? காப்பி அடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு, அதையே பாத்து எழுதச் சொல்றாங்களேன்னு நெனச்சிக்கினேதான் எழுதினேன்."

கவனமாக எழுது என்று நான் சொன்னது, அவளுக்குப் பாடத்தைப் பார்த்து எழுது என்று கேட்டிருக்கிறது. பள்ளியில் நோட்ஸை அட்சரம் பிசகாமல் எழுதியே மார்க் வாங்கிய பெண் வேறெப்படிப் புரிந்துகொள்வாள்?

"சரி, காப்பின்னா என்னன்னு இப்ப நீயே சொல்லு பார்ப்போம்."

கொஞ்சம் யோசித்தாள். "அடுத்தவங்க தோப்பு மாங்காயை நம்ம கூடையில வெச்சு விக்கிறது மேடம். ருசியாத்தான் இருக்கும். இன்னா மரம், எப்பக் காச்சுதுன்னு கேட்டா முழிக்கணும்."

"நம்ம தோப்புல இன்னும் பூவே வெக்கல, அதையும் சொல்லு" என்றார் அப்பா பின்னாலிருந்து. மூன்று பேருமே சிரித்துவிட்டோம்.

துறைத் தலைவருக்கு என் குரல் பதிவையே போட்டுக் காட்டி நடந்ததைச் சொன்னேன். மறுபடி எழுத அவகாசம் கொடுத்தார். அவள் எழுதி அனுப்பியதில் ஆங்கிலம் அங்கங்கே தடுக்கியது. சிவப்பு மட்டும் இல்லை. பரீட்சை முடிந்து சென்னையில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள்.

இன்றும் அதே பாடத்தை நடத்துகிறேன். திரை சிவப்பாகும்போதெல்லாம் என் கை முதலில் போனைத்தான் எடுக்கிறது. சம்பிரதாயம் என்று நான் நினைத்திருந்த அந்த மூன்றாவது வரியில்தான் அன்று ஒரு பெண்ணின் வேலையே தொங்கிக்கொண்டிருந்தது.