சாதிக்காய் மூட்டையும் ஜமால்தீனின் மூக்கும்

மடவளையில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கும் ஜமால்தீனுக்கு மூக்குதான் தராசு. மூட்டையை அவிழ்த்து, முகத்தை உள்ளே விட்டு ஓர் இழுப்பு இழுத்தாரென்றால், சரக்கு வெயிலில் காய்ந்ததா அடுப்படியில் காய்ந்ததா என்று சொல்லிவிடுவார். இந்தப் பெருமையைப் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் அவரே சொல்வதால் ஊருக்கும் தெரியும்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோது அண்ணனை நானா என்று கூப்பிடும் தங்கை ஸுலைஹா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். அதை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்கத் தினமும் விழுங்கக் குளிசைகள். அவை உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிடும். மற்றவர்களுக்குத் தும்மலோடு போகும் பூஞ்சணத் தூசி உங்களுக்கு நெஞ்சுக்குள் வேர்விடலாம், மூட்டைப் பக்கமே போகாதீர்கள் என்று டாக்டர் கோசலா சொல்லியிருந்தார். ஜமால்தீன் மாஸ்க்கும் தானுமாகக் கடை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தார். சரக்கை மகன் பஹீம் பார்த்தான். பார்க்கத் தெரிந்தவனுக்கு மூக்கால் மணந்து பார்க்கத் தெரியாது என்பது வாப்பாவின் தீர்ப்பு.

மழைக்காலத்தில் ஒரு சாதிக்காய் மூட்டை வந்தது. நல்ல சரக்கு என்றான் பஹீம். மனிதருக்குப் பொறுக்கவில்லை. மகன் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் பார்த்து மாஸ்க்கை இறக்கி, ஒரேயொரு இழுப்பு. பூஞ்சணம் பிடித்த சரக்கென்று கண்டுபிடித்துத் திருப்பியும் அனுப்பிவிட்டார். மூக்கில் ஒரு குறையும் இல்லை.

பிறகு காய்ச்சல், இருமல். கொத்தமல்லி அவித்துக் குடித்தும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசிமருந்து ஏற்றியும் இறங்கவில்லை. ஸ்கேனில் நுரையீரலில் ஒரு கட்டி தெரிந்தது.

"ஐயா, பூஞ்சணம் பிடிச்ச சாமான் ஏதும் மணந்து பார்த்தனீங்களோ?" என்று கேட்டார் டாக்டர்.

பக்கத்தில் ஸுலைஹா நின்றாள். ஜமால்தீன் இல்லையென்று தலையாட்டினார். அவருக்குச் சாவைவிடத் தங்கையிடம்தான் பயம்.

டாக்டர் விடவில்லை. மருந்து பிந்தினால் உயிரும் போகலாம், தங்கை தந்த சிறுநீரகமும் போகலாம் என்றார். உயிருக்கு அசையாத மனிதர் சிறுநீரகம் என்றதும் அழுதுவிட்டார்.

"ஒருக்கா மணந்து பார்த்தேன்" என்றார்.

பூஞ்சணத்துக்கான மருந்தை அன்றே தொடங்கினார்கள். உயிரும் தப்பியது, சிறுநீரகமும் தப்பியது. ஸுலைஹா ஒரு வார்த்தை ஏசவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பின் ஒரு நாள் வாசல் கதிரையிலிருந்து எட்டிப் பார்த்தார். உள்ளே ஸுலைஹா மிளகு மூட்டைக்குள் முகத்தை விட்டுவிட்டுத் தும்மிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு என்னத்துக்கு புள்ள இந்த வேல?"

"கிட்னிய தந்தேன். இப்ப மூக்கயும் தாறேன். இனி குடுக்க என்னட்ட ஒண்ணும் இல்ல, நானா."

ஜமால்தீன் மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். என்ன மணக்கிறது என்று கேட்டார். மிளகு மணக்கிறது என்றாள். வேறு யாரும் இப்படிச் சொல்லியிருந்தால் அன்றைக்குக் கடையே இரண்டுபட்டிருக்கும்.

சரியாகச் சொன்னாய் என்றார் ஜமால்தீன்.