கரப்பான் யூனியன் போட்ட கேஸ்

சூடான சட்டியில் மிளகாய்ச் சம்பல் விழுந்ததும் ஒரு நெடி கிளம்பும் பாருங்கள்... மூக்குக்குள் புகுந்து, இரண்டு தும்மலை இழுத்துக்கொண்டுதான் வெளியே வரும்.

எண்பதுகளில், மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில், எங்கள் வீட்டுக்கு எதிரே முனியாண்டி மாமாவின் மீ கோரிங் கடை, அதாவது வறுத்த நூடுல்ஸ் கடை. எனக்குப் பதினைந்து வயது. ஆளைவிட வாய் நீளம்.

ஒருநாள் கடை நிறையக் கூட்டம். எதிர் மேசையில் என் வகுப்புப் பெண்கள். மாமா உரக்கச் சொன்னார்: "இந்தத் தம்பிக்கு உறைப்பு போட்டா அழுவான்லா! சீனி தூவிக் குடுங்க!"

போதாதா?

அன்றைக்கே அப்பாவின் டைப்ரைட்டரில், மலாய் மொழியில், லைசென்ஸ் ஆபீசுக்கு ஒரு கடிதம் அடித்தேன். முதல் வரி: "இந்தக் கடையில் கரப்பான் பூச்சிகள் உள்ளன." அடுத்த வரி: "நாங்கள்தான் அவை. கடைக்காரர் தினமும் சோப்பு போட்டுக் கழுவுவதால் குடும்பம் நடத்த முடியவில்லை. நடவடிக்கை தேவை." கையெழுத்து... செயலாளர், கரப்பான் யூனியன்.

சிரித்துவிட்டுக் குப்பையில் போடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அதிகாரி முதல் வரியோடு நிறுத்திவிட்டார் போல. இரண்டே வாரத்தில் மாமாவின் லைசென்ஸ் ரத்து.

சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மாமா மாக் மண்டின் தொழிற்பேட்டைப் பக்கம் மூட்டை தூக்கப் போனார். வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள். கடிதம் என்னுடையது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

பக்கத்துத் தெரு லாயர் இந்திராணி அக்காதான் மாமாவின் விஷயத்தைக் கையில் எடுத்தார். "ஹைகோர்ட்டுக்குப் போவோம் அண்ணே."

"கவர்மெண்ட் மேலயே கேஸா? நடக்குமாம்மா?"

"லைசென்ஸ வெட்ட அவங்களுக்கு பவர் இருக்கு. உங்கள ஒரு வார்த்தை கேக்காம வெட்ட பவர் இல்ல. அதத்தான் கேக்கப் போறோம்."

நானும் ஒட்டிக்கொண்டு போனேன். சாட்சிக் கூண்டில் ஏறி, உண்மையைச் சொல்லி, அழுவதாகத் திட்டம். கண்ணாடி முன்னால் நின்று அழுது பழகியிருந்தேன். அங்கே போனால் கூண்டில் ஏற யாரையுமே கூப்பிடவில்லை... எல்லாம் காகிதத்திலேயே!

ஜட்ஜ், ஆபீஸ் தரப்பு வக்கீலைப் பார்த்து, "அந்தக் கடிதத்தை முழுதாக வாசியுங்கள்" என்றார். அவர் கம்பீரமாக ஆரம்பித்தார். "நாங்கள்தான் அவை" என்ற இடத்தில் குரல் தேய்ந்தது. 'கரப்பான் யூனியன்' என்ற கையெழுத்தை வாசித்தபோது வாசலில் நின்ற போலீஸ்காரர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஜட்ஜ் சிரிக்கவில்லை. "கரப்பான் இருக்கிறதா இல்லையா என்று தேடுவது என் வேலை அல்ல. கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டீர்களா?"

"இல்லை, மை லார்ட்."

"யூனியனையாவது?"

ரத்து செய்த உத்தரவே ரத்து. வேண்டுமானால், மாமாவை விசாரித்து மறுபடி முடிவெடுக்கலாம் என்றார். விசாரித்தார்கள். கடையைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். லைசென்ஸ் தப்பித்தது.

கடை திறந்த அன்று மாமா என் தட்டில் இரண்டு முட்டை போட்டார். "கோர்ட்டுக்கெல்லாம் கூட வந்தான்லா, நல்ல பையன்."

அவ்வளவுதான். கடிதம் எழுதிய கதை முழுவதையும் கொட்டிவிட்டேன். மாமா என் காதைப் பிடித்து ரோட்டைக் கடந்து, அம்மாவிடம் ஒப்படைத்தார்.

அம்மா ரோத்தான் பிரம்பை எடுத்தார். நான் கையை உயர்த்தினேன். "என்னையும் விசாரிக்கணும்மா! ஹைகோர்ட்டே சொல்லியிருக்கு!"

"சரி, சொல்லு."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் கால் மணி நேரம் வாதாடினேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

"முடிஞ்சிச்சா? கேட்டாச்சு. இப்ப கைய நீட்டு."

இப்போது பாயான் பாரு வீட்டில் உட்கார்ந்து கைபேசித் திரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். யாரோ ஒரு குட்டி வீடியோ போடுகிறார்கள்... மத்தியானத்துக்குள் ஒரு கடையின் பெயர் நாறிவிடுகிறது. கடைக்காரரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

எங்கள் அம்மா அடித்தது ஆறு அடி. ஆனால் ரோத்தானை மடியில் வைத்துக்கொண்டு, கடைசி வார்த்தை வரை கேட்டார்.