பூங்காவனம் அக்காவின் நெத்திலி

எங்கள் ஆய்வகத்துப் பழ ஈக்களுக்கு மாப்பிள்ளைக்குச் சமைப்பது போலப் பார்த்துப் பார்த்துச் சமைக்கிறவர் பூங்காவனம் அக்கா. ரவையும் வெல்லமும் ஈஸ்டும் போட்டுக் கஞ்சி கிண்டி, சின்னச் சின்னப் புட்டிகளில் ஊற்றுவார். சொந்த ஊர் பாரிவாக்கம். பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லூரியில், விலங்கியல் துறை உதவியாளர். நான் அங்கே ஆராய்ச்சி மாணவி. ஐயப்பன்தாங்கலிலிருந்து பஸ்ஸில் நசுங்கி, உலகத்தின் மேலேயே கோபமாக வந்து சேருவேன். அந்தக் கோபத்தை ஒரு டம்ளர் டீயில் இறக்கிவிட அக்காவால்தான் முடியும்.

நான் செய்கிற ஆராய்ச்சியைக் கேட்டால் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். ஈக்களுக்குக் குடிப்பழக்கம் உண்டாக்கிப் பார்க்கிறேன். ஆல்கஹால் ஆவியைக் காட்டினால் ஈக்கள் தள்ளாடும், கவிழ்ந்து விழும். பிறகு அதையே தேடி வரும். ஆசை மூளையில் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று மனிதனிடம் பார்ப்பது கஷ்டம் என்பதால், கடுகைவிடச் சிறிய மூளையில் தேடுகிறோம்.

"குடிகார ஈயா? ஊட்லயும் குடிகாரனுக்குத்தான் ஆக்குறேன், இங்கயும் அதானா?" என்று முதல் நாளே அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த வீட்டுக் குடிகாரர் அவர் கணவர் வீரராகவன், கொத்தனார். இரண்டு முறை குடியை விட்டு, இரண்டு முறையும் திரும்பப் பிடித்துக்கொண்டவர். மூன்றாவது முறையாக மறுவாழ்வு மையத்தில் இருந்தார். அவர் வீட்டுக்கு வரப்போகிற சனிக்கிழமைக்கு முதல் நாள், அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"நாளிக்கு நெத்திலி வறுக்கப் போறேன் பாப்பா. அவருக்கு உசுரு" என்றபடி சாம்பிராணித் தட்டோடு ஈ அறைக்குள் வந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் துறை முழுக்கப் புகை காட்டுவது அவர் வழக்கம். நான் ஆவி காட்டுவதும் வெள்ளிக்கிழமைதான். அன்று ஆல்கஹால் தீர்ந்துபோயிருந்ததால் ஆவி காட்டவில்லை.

புகை பட்டதும் என் ஈக்கள் எல்லாம் அக்கா நின்ற பக்கம், புட்டி வாயை அடைத்திருந்த பஞ்சில் வந்து மொய்த்தன. பக்கத்து அலமாரியில், ஆவியே காட்டாத ஈக்கள் புகைக்குப் பயந்து மறுபக்கம் ஓடின. வாராவாரம் ஆவியும் சாம்பிராணியும் ஒன்றாகப் போயிருக்கின்றன. என் ஈக்கள் சாம்பிராணியையே போதை என்று கற்றுக்கொண்டுவிட்டன. மாதக்கணக்கான உழைப்பு போச்சு. அக்காவிடம் கத்தித் தீர்த்தேன்.

அக்கா என் கத்தலைக் கேட்கவே இல்லை. புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரக்கு இல்லாமலே வாசனைக்கு ஓடியாருதா?"

"ஆமாம்."

"தெருவுல உழுந்து கிடக்கக் கூடாதுன்னு சனிக்கெழம தவறாம நானேதான் நெத்திலி வறுத்து, ஊட்லயே குடின்னு குந்த வச்சேன். மையத்துலருந்து வந்த ரெண்டு தபாவும் மொதல்ல அதத்தான் வறுத்துப் போட்டேன்." சாம்பிராணித் தட்டைக் கீழே வைத்தார். "ஆசையா செஞ்சேன் பாப்பா."

எனக்கு ஆராய்ச்சி மறந்துபோயிற்று. "ஆசையாகத்தானே அக்கா செய்தீர்கள்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் அவர் வீட்டில் சாம்பார், உருளைக்கிழங்கு. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நெத்திலி வாசனையே கிடையாது. ஆனால் நெத்திலி என்றால் அக்காவுக்கும் உயிர். அதனால் சனிக்கிழமைதோறும் மதியம் நெத்திலி வறுக்க, ஈக்கஞ்சி அடுப்பு எங்கள் துறையின் மொட்டை மாடிக்கு ஏறியது. எங்கள் பேராசிரியர் ஹேமநாதன் சார் முறைத்தார், பிறகு தட்டோடு வந்தார். சாப்பிட்டு முடித்து, சோப்பு கரையக் கரையக் கை கழுவி, மாடிப்படிக்குக் கீழே பையில் வைத்திருக்கும் வேறு புடவையை மாற்றிக்கொண்டுதான் அக்கா வீட்டுக்குக் கிளம்புவார்.

போன சனிக்கிழமை வீரராகவன் அண்ணன் அக்காவைக் கூட்டிப்போகச் சீக்கிரமே வந்து, நேரே மாடி ஏறிவிட்டார். நெத்திலி வாணலியில் பொரிந்துகொண்டிருந்தது. அக்கா கரண்டியோடு உறைந்து நின்றார். அண்ணன் மூச்சை இழுத்தார். அவர் தொண்டை ஏறி இறங்கியது.

"இதுக்குத்தான் டெய்லி சாம்பாரா?" என்றார். "நீ நிதானமா துன்னுட்டு வா. நான் கீழ கீறேன்." திரும்பி இறங்கிப் போய்விட்டார்.

அக்காவுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அண்ணனின் வண்டி கேட் பக்கம் இருந்தது, ஆள் இல்லை.

இருவரும் ஓடினோம். கடைசிப் படியில் அவர் உட்கார்ந்திருந்தார். அக்காவின் மாற்றுப் புடவைப் பை அவர் மடியில் இருந்தது.

"துன்னியா?" என்று கேட்டு, பையை நீட்டினார். "போ, மாத்திகினு வா."