வாசலில் சொல்லும் சொல்

மலாயாவில் சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்ட லயத்தில் தனியாக இருந்த பேச்சாயிக்கு, அந்த நாய்க்குட்டி வந்ததிலிருந்து நிம்மதி போயிற்று. துடைப்பத்தைக் கடித்தது, பாயை நனைத்தது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். பால் வெட்டப் போகும்போது பின்னாலேயே ஓடி வந்து, மரத்தில் பால் வடியக் கட்டிய மங்குகளைத் தட்டிவிடுவதைத்தான் தாங்க முடியவில்லை. கங்காணி வாய்க்கு வந்தபடி ஏசினார்.

காரணம் மெல்லத்தான் பிடிபட்டது. "போயிட்டு வாரேன்" என்று சொல்லித்தான் அவள் வாசல் இறங்குவாள். குட்டியின் காதில் 'வா' மட்டும் விழுந்தது.

மறுநாள் எரிச்சலில், "சனியனே, நான் போறேன்!" என்று கத்தினாள். குட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது.

அன்று அவளுக்கு வேலையில் கை ஓடவில்லை. ஈப்போ ஈயச் சுரங்கத்துக்குக் கிளம்பிய புருஷன் வாசலில் கடைசியாகச் சொன்னதும் அதே 'போறேன்'தான். அவன் திரும்பவே இல்லை. வாளியைப் போட்டுவிட்டு லயத்துக்கு ஓடினாள். குட்டி உட்கார்ந்த இடத்திலேயே வழியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் அது மறுபடி பின்னாலேயே வந்து மங்குகளைத் தட்டிவிட்டது.

"ஒரு அதட்டு அதட்டி வீட்டுல நிறுத்தத் தெரியாதா?" என்றார் கங்காணி.

"தெரியுங்க. அந்தச் சொல்ல இனி என் வாயால சொல்லமாட்டேன்."