பிளேட் சாப்பிட்ட பெப்டைட்

ஒரு திங்கட்கிழமை காலை இன்குபேட்டரைத் திறந்து பார்த்தால், சோதனைப் பிளேட்டின் தொண்ணூற்றாறு குழிகளும் கலங்கிக் கிடந்தன. பாக்டீரியா செழிப்பாக வளர்ந்திருந்தது என்று அர்த்தம். மூன்று வாரம் முன்பு இதே பெப்டைட் மருந்து அதே பாக்டீரியாவைச் சுத்தமாகத் துடைத்துப் போட்டிருந்தது.

கொல்கத்தாவில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் நான் டெக்னிக்கல் ஆபீசர். அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் பெப்டைட் செய்வது என் வேலை. நோயாளிகளுக்குப் போடும் சிறுநீர்க் குழாய்களுக்குள் பாக்டீரியா வழவழவென்று ஒரு படலம் கட்டி ஒளிந்துகொள்ளும். அதற்குப் பெயர் பயோஃபிலிம். எந்த மருந்துக்கும் மசியாது. எங்கள் பதினேழாம் நம்பர் பெப்டைட் அதை உடைத்தது. அதை வைத்துத்தான் மௌசுமியின் பிஎச்.டி.

மௌசுமி சுப்பிரமணியன் இங்கேயே கரியாஹாட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். எல்லாரையும் போல என்னை ‘மாலதிதி’ என்பாள், வங்காள ‘தி’தான், அக்கா வராது. வங்காளத்தில் தண்ணீர், சிகரெட், அடி, திட்டு எல்லாமே ‘சாப்பிடுகிற’ சமாச்சாரம். அதை அப்படியே தமிழில் இறக்குவாள். “கிடர்பூர்ல மினிபஸ் ஒரு லாரிகிட்ட இடி சாப்பிட்டுது, அதான் லேட்டு” என்பாள். நானும் சளைக்காமல் திருத்துவேன்.

அந்தத் திங்களோடு மூன்றாம் முறையும் தோற்றதும் லேபின் தலைவரான எங்கள் சார் கூப்பிட்டார். வங்காளமும் ஆங்கிலமும் கலந்து அவர் சொன்னதன் சாரம் இது: “இன்னும் ஒரு தடவை பாருங்க. இதுவும் போச்சுன்னா வெள்ளிக்கிழமை மீட்டிங்ல பதினேழை மூடிடலாம்.” மௌசுமியின் இரண்டு வருட உழைப்பு.

பெப்டைட் கெட்டுவிட்டதோ என்று எச்.பி.எல்.சி. போட்டுப் பார்த்தோம். பெப்டைட் சுத்தமாகவே இருந்தது. பாக்டீரியாவை மாற்றினோம், அது வளரும் மீடியத்தை மாற்றினோம். பலன் இல்லை.

புதன்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்து மௌசுமி என் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“மாலதிதி, இந்த டப்பா உங்க சாம்பாரைச் சாப்பிட்டுடுச்சு பாருங்க. எவ்ளோ தேய்ச்சாலும் மஞ்சளை விட மாட்டேங்குது.”

“டப்பா எங்கேயாவது சாப்பிடுமாடி? கறை ஒட்டிக்கிச்சுன்னு சொல்...”

சொல்லி முடிக்கவில்லை. ஒட்டிக்கிச்சு! பதினேழும் குழியின் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால்? பாக்டீரியாவுக்குப் போய்ச் சேர என்ன மிச்சம் இருக்கும்?

ஸ்டோருக்கு ஓடினேன். பழைய பிளேட்டுகள் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். அவை தீர்ந்துபோனபோது ஸ்டோரில் பாலிஸ்டைரீன் என்ற வேறு பிளாஸ்டிக் கொடுத்தார்கள். கண்ணாடி போலப் பளிச்சென்று இருந்ததில் மயங்கி, பிளேட்தானே என்று கையெழுத்துப் போட்டு வாங்கியது சாட்சாத் நான்தான். நேர்மின்னூட்டம் உள்ள பெப்டைட் அதில் பசை போல ஒட்டும் என்பது எனக்குத் தெரியாததில்லை. நினைவுக்குத்தான் வரவில்லை.

மாடி லேபில் கெஞ்சி, பழைய மாதிரி பிளேட் இரண்டு வாங்கி வந்தோம். வியாழன் காலை இன்குபேட்டரைத் திறந்தபோது பழைய பிளேட்டில் பெப்டைட் போட்ட குழிகள் தெளிந்த நீராக இருந்தன. பக்கத்திலேயே வைத்திருந்த புது பிளேட் முழுக்கக் கலங்கல். மௌசுமி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். என் வயதை மறந்து நானும் குதித்தேன்.

வெள்ளிக்கிழமை பதினேழை யாரும் மூடவில்லை. பிளேட்டை வாங்கியது நான்தான் என்று சாரிடம் ஒப்புக்கொண்டேன். கால்மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். பிறகு அவரே சிரித்துவிட்டு, எல்லாருக்கும் சூடாகச் சிங்காரா, அதாவது வங்காளச் சமோசா, வரவழைத்தார்.

அன்றிலிருந்து எந்தச் சோதனைக்கும் நோட்டில் முதல் வரியாகப் பிளாஸ்டிக்கின் பெயரை எழுதுகிறேன். புதிதாகச் சேருகிறவர்களும் எழுதுங்கள். மருந்து எதில் இருக்கிறது என்பதும் மருந்தில் சேர்த்திதான். இதில் வேடிக்கை, என் டிபன் டப்பாவும் பாலிப்ரொப்பிலீன்தான். மஞ்சளைப் பிடித்துக்கொள்ளும், பெப்டைட்டை விட்டுவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை சார் அறையிலிருந்து நான் வெளியே வந்தபோது மௌசுமி வாசலிலேயே நின்றிருந்தாள்.

“என்ன மாலதிதி, ரொம்பவா?”

“நல்லா திட்டு சாப்பிட்டேன்டி.”

“திட்டு வாங்கினேன்னு சொல்லணும்” என்றாள்.