டீக்கடையில் ஓடிய வணிகச் சட்டம்

எங்கள் கல்லூரியில் யாராவது 'தரம்' என்று வாயைத் திறந்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தத் தரத்துக்குப் பொறுப்பாளராக இரண்டு வருடம் இருந்தவளே நான்தான். அதனால் இந்தக் கோபத்தில் பாதியை எனக்கென்றே ஒதுக்கிவைக்க வேண்டும். மீதிப் பாதிக்கு ஆள் இருக்கிறார்கள், சொல்கிறேன்.

கல்லூரி, திருப்போரூரைத் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில் இருக்கிறது. ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறிச் செங்கல்பட்டில் இறங்குவேன். அங்கிருந்து திருப்போரூருக்கு ஒரு பஸ், அப்புறம் கல்லூரிக்கு இன்னொரு பஸ். வணிகச் சட்டம் நடத்துகிறேன். வேலைக்குப் போகிறவர்களும் படிக்கட்டும் என்று, பாதிப் பாடம் போனில் வீடியோவாகவும் பாதிப் பாடம் சனிக்கிழமை வகுப்பிலுமாக ஒரு பட்டப்படிப்பை எங்கள் நிர்வாகம் தொடங்கியது. நல்ல யோசனைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். சிறுசேரி அலுவலகங்களில் காவலுக்கு நிற்பவர்கள், தரை துடைப்பவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் என்று பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுபோனவர்கள் நிறையப் பேர் வந்து சேர்ந்தார்கள்.

அந்த வீடியோவை எடுத்த லட்சணத்தைக் கேளுங்கள். பழைய பெஞ்சு போட்டுவைத்திருந்த அறையைக் காலி செய்து, சுவரெல்லாம் தெர்மாகோல் ஒட்டினார்கள். சத்தம் பதிவாகிறது என்று ஃபேனை நிறுத்திவிட்டார்கள். சித்திரை வெயிலில், பட்டுப் புடவையில், வேர்த்து வழிய நின்று நான் ஒப்பந்தச் சட்டத்தை ஒப்பித்தேன். நடுவில் இருமினால்கூட வெட்டமாட்டார்கள். "பரவால்ல மேடம், நேச்சுரலா இருக்கு" என்பார் படம் எடுத்தவர்.

அந்த மாணவர்களுடைய கடைசிப் பருவத்தில், வெளியூரிலிருந்து ஓர் ஆய்வுக் குழு வருகிறது என்று சேதி வந்தது. "பசங்க வீடியோ பாக்கறாங்களான்னு கேப்பாங்க. இன்னா காட்டப்போறோம்?" என்று முதல்வர் என்னைக் கேட்டார். நான் பெரிய புத்திசாலி அல்லவா, உட்கார்ந்து ஒரு விதி எழுதினேன். ஒவ்வொரு வீடியோவும் முக்கால் பங்காவது ஓடியிருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'தொடர்ந்து பார்க்கிறீர்களா?' என்று ஒரு கட்டம் வரும், அதைத் தொடாவிட்டால் வீடியோ நின்றுவிடும். ஓட்டியவர்கள் பெயர் பச்சையாகும், ஓட்டாதவர்கள் பெயர் சிவப்பாகும். சிவப்புக்கு ஹால் டிக்கெட் கிடையாது. ஆசிரியர் கூட்டத்தில் கைதட்டினார்கள். எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

பருவம் முடியப்போகிற சமயத்தில் பட்டியல் வந்தது. அத்தனை பேரும் பச்சை, ஒரே ஒரு பெயர் மட்டும் சிவப்பு. அந்தப் பெண்ணின் கணக்கில் ஒரு நிமிடம்கூட ஓடியிருக்கவில்லை. 'படிப்பில் தங்களுக்கு அக்கறை இல்லை எனத் தெரிகிறது' என்று நானே ஒரு எச்சரிக்கைக் கடிதம் அடித்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் என் கையை ஒடிக்கலாம் போலிருக்கிறது.

அதே வாரம் திருப்போரூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். மேடையில் சர்க்கரை டப்பா மேல் ஒரு போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் பட்டுப் புடவை கட்டிய ஒருத்தி சத்தமே இல்லாமல் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். உற்றுப் பார்த்தேன். நான்தான்.

கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். பாலை ஆற்றிக்கொண்டே, ஒரு விரலை வேட்டியில் துடைத்து, திரையில் வந்த கட்டத்தைத் தொட்டார். நான் மறுபடி பேச ஆரம்பித்தேன்.

"இன்னாங்க இது?" என்று கேட்டேன்.

"பையனோட காலேஜுமா. அவன் சிறுசேரில டூட்டிக்குப் பூட்டான். இது முடியங்காட்டியும் ஓடிகினே இருக்கணுமாம். அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா தட்டணும், இல்லாங்காட்டி நின்னுபூடும். நான்தான் தட்டிகினு கீறேன்."

"சத்தத்த ஏன் நிறுத்திட்டீங்க?"

"சவுண்டு வெச்சா கஸ்டமரு பேஜாராவுறாங்கமா. அந்தம்மா ஒரே இழுவையா இழுக்குது." சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "அய்யய்யோ, நீங்களாமா அது! டீக்குக் காசு வேணாம்மா."

சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. அங்கேயே நின்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அத்தனை பச்சையில் எத்தனை பச்சை இப்படிச் சர்க்கரை டப்பா மேலும் ஃபிரிட்ஜ் மேலும் சாய்ந்து பழுத்ததோ! முதல்வரிடம் ஓடிப்போய் டீக்கடையில் பார்த்ததைச் சொன்னேன். ஒரு பத்துப் பேரைக் கூப்பிட்டுப் பேசிப் பார்க்கலாம், வீடியோ எங்கே பிடிபடுகிறது எங்கே அறுக்கிறது என்று கேட்டு ஒழுங்காக ஆராய்ந்து எழுதலாம், ஆய்வுக் குழுவிடம் உள்ளதை உள்ளபடி வைக்கலாம் என்றேன். மாணவர் கருத்துப் படிவத்தைக்கூட வகுப்புத் தலைவனே எல்லார் பெயரிலும் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறான் என்றும் சொன்னேன். 

"பச்சையா கீறத ஏன் மேடம் நோண்டுறீங்க?" என்றார். அவ்வளவுதான் அவருடைய ஆராய்ச்சி.

சனிக்கிழமை அந்தச் சிவப்புப் பெண் என் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். என் வயதுதான் இருக்கும். சிறுசேரியில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை. கூடவே அவருடைய நாத்தனார், அவளும் அங்கேயே வேலை, எங்கள் படிப்பிலேயே மாணவி. அவள் பெயர் பட்டியலில் பளிச்சென்று பச்சையாக இருந்தது.

"உக்காருங்கம்மா. ஏன் ஒரு வீடியோகூடப் பாக்கல?" என்று கொஞ்சம் கடுப்பாகவே கேட்டேன்.

"இன்னா மேடம் சொல்றீங்க? எல்லாத்தையும் பாத்துட்டோமே!" என்றார். "வூட்ல ஒரே போனுதான் கீது. கம்பெனி வேன்ல போவ சொல்லோ வர சொல்லோ ரெண்டு பேரும் பாப்போம். இவ காதுல ஒண்ணு, என் காதுல ஒண்ணு. இவ பேர்ல தொறந்து பாக்கறோம். கிளாஸ்ல ரெண்டு பேரு ஒரே பெஞ்சில குந்தினா ரெண்டு பேருக்கும்தானே மேடம் அட்டெண்டன்ஸு?"

இரண்டு நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். வேன் குலுங்கிக் கோணலான எழுத்தில் என் பாடம் முழுக்க இருந்தது. நான் இருமிய இடத்தில்கூட 'இங்கே சரியாகக் கேட்கவில்லை, சனிக்கிழமை கேட்கணும்' என்று குறித்திருந்தார்.

நம்பாமல் ஒரு கேள்வி கேட்டேன். "ஒருத்தர் பேசாம இருந்தா அவர் ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கிட்டதா ஆகுமா?"

"ஆவாது மேடம். திருப்போரூர்ல மனை விக்கிறவன் வாட்சப்ல அனுப்பறான், நாளைக்குள்ள பதில் வரலன்னா நீங்க வாங்கிக்கிறதா எடுத்துப்போம்னு. நான் கம்முனு இருந்தா வாங்கிக்கிறேன்னு அர்த்தம் கெடையாது. வாயத் தொறந்து சொல்லணும், இல்ல ஒத்துக்கினாப்ல எதுனா செய்யணும். அவனா நெனச்சிகினா செல்லாது."

நான் அந்த வீடியோவில் இங்கிலாந்து வழக்கு ஒன்றைச் சொல்லிக் கழுத்தறுத்திருந்தேன். இவர் அதை நம்ம ஊர் மனைக்கு இழுத்துவந்து நிறுத்தியிருக்கிறார். இதைவிட ஒரு பாடம் வேறு எப்படி ஒருவர் தலைக்குள் ஏறும்? அந்த வகுப்பிலேயே படித்த ஒரே வீடு அவர்கள் வீடு. அதில் ஒருத்தி சிவப்பு!

அவர் பட்டத்துக்கு ஏன் இப்படி அல்லாடுகிறார் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் தளத்தில் மேற்பார்வையாளர் இடம் காலியாகிறது. பட்டம் இருந்தால் அவருக்கு, இல்லாவிட்டால் வெளியாளுக்கு என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். "மேடம், இந்த ஒரு பேப்பரு நின்னா எல்லாம் நின்னுபூடும்" என்றபோது அவர் குரல் கெஞ்சவில்லை. எனக்கு அதுதான் இன்னும் சுட்டது.

மறுபடி முதல்வர் அறை. இருவரின் நோட்டையும் மேசையில் விரித்துக் காட்டினேன். அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"நோட்டெல்லாம் சிஸ்டத்துல ஏறாது மேடம். ஒருத்தருக்கு விதிவிலக்கு குடுத்தா அந்த ஆய்வுக் குழு ஏன்னு கேப்பாங்க. நாம எழுதின விதி, நாமளே ஒடைக்கலாமா?"

"தப்பா எழுதிட்டேன் சார். மாத்திடலாம்."

"குழு வந்துட்டுப் போவட்டும். அந்தம்மாவ அதுக்குள்ள எப்படியாச்சும் பச்ச ஆக்கச் சொல்லுங்க. எப்டின்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். டீக்கடையைப் பற்றி நான்தானே அவரிடம் சொன்னேன்! நோட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அப்புறம் நான் செய்ததை ஒளிக்கப்போவதில்லை. அந்த அம்மாவிடம், "உங்க பேர்ல திறந்து நாலு நாள் ஓட விடுங்க. பாக்க வேணாம், ஓடினாப் போதும்" என்று என் வாயால் சொன்னேன். அவர்கள் கட்டடத்தில் துப்புரவு ஆட்கள் போனை மேலே கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைக்க வேண்டும். அங்கே யார் கட்டத்தைத் தொடுவது? அதற்கும் நானே வழி சொன்னேன். தரப் பொறுப்பாளர் மேடம், படிக்கிற பெண்ணின் ஒரே போனைத் திருப்போரூர் டீக்கடையில் கொண்டுபோய் ஒப்படைத்தார். "அந்த இழுவை அம்மாவ நாலு நாளைக்கு நான் பாத்துக்கறேன், போங்க" என்றார் கடைக்காரர். நல்ல மனுசன். எங்கள் கல்லூரியில் சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

நான்காம் நாள் சாயங்காலம் அந்தப் பெயர் பச்சையானது. மறுநாள் ஆய்வுக் குழு வந்தது. காலையில் மாலை மரியாதை, மதியம் மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்தாற்போல் ஒரு ஓட்டலில் வஞ்சிர மீன் சாப்பாடு. இரண்டுக்கும் நடுவே கிடைத்த முக்கால் மணி நேரத்தில் எங்கள் தரத்தை ஆராய்ந்தார்கள். முதல்வர் திரையில் பட்டியலைப் போட்டார். முதலில் ஒரு சிவப்போடு, அடுத்து முழுப் பச்சையாக.

"பின்தங்கிய ஒரு மாணவியை எங்கள் தரப் பிரிவு நான்கே நாளில் மீட்டிருக்கிறது" என்றார். பின்தங்கிய மாணவி! குழுத் தலைவர் என் பக்கம் திரும்பி, "இதைப் பற்றி நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்டார்.

என் பையில் அந்த இரண்டு நோட்டும் இருந்தன. எழுந்து நின்று எல்லாவற்றையும் போட்டு உடைத்திருக்கலாம். உடைத்தால் அந்த அம்மாவின் பச்சையும் போய்விடும், ஹால் டிக்கெட்டும் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, பயம். பேசாமல் இருந்தேன். வணிகச் சட்டம் என்ன சொன்னால் என்ன, நான் ஒத்துக்கொண்டதாகத்தான் எழுதிக்கொண்டார்கள். அதற்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும் கொடுத்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை அண்ணியும் நாத்தனாரும் ஹால் டிக்கெட் வாங்க வந்தார்கள். நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அண்ணி மட்டும் போகாமல் நின்றார்.

"இன்னொன்னு கேக்கணும் மேடம். அந்த நாலு நாளும் போனு கடையில இருந்துச்சா, வேன்ல சும்மா குந்திகினு போனோம். கடசி ரெண்டு பாடத்த மறுவாட்டி பாக்க முடியல. பரீட்சைக்குள்ள பாக்கணும்." கொஞ்சம் தயங்கினார். "இப்பதான் பச்சை ஆயிருக்கு. நாங்க தொறந்து பாத்தா மறுபடி செவப்பு ஆயிடாதே?"

"ஆகாதும்மா. தைரியமா பாருங்க" என்றேன்.

ஹால் டிக்கெட்டோடு அவர்கள் வாசலைத் தாண்டும்வரை நின்றேன். எனக்கு நானே சொல்லிக்கொண்ட அந்தப் பாதிச் சாக்கும் இனி இல்லை. அப்புறம் அந்தச் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறி, முதல்வர் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தேன்.